வீட்டில் லேன் வயர் இருக்கிறது, வைஃபை எட்டவில்லை: ஆக்சஸ் பாயிண்ட் வைக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் அண்மையில் கட்டிய வீடுகள் பலவற்றில் லேன் வயர் ஏற்கெனவே இருக்கும். கரண்டுக்குப் பைப் புதைக்கும்போதே டிவிக்கு ஒன்று, மாடி அறைக்கு ஒன்று, கேமராப் பெட்டிக்கு ஒன்று என எலக்ட்ரீஷியன் இழுத்து விட்டிருப்பார். வைஃபை மட்டும் ஒரு மூலையில்தான் கிடைக்கும். ஃபைபர் கொடுக்க வந்தவர் கம்பத்திலிருந்து வயர் நுழையும் முன்பக்க ஜன்னலோரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அங்கிருந்து சமையலறைக்கு இரண்டு சுவர், மாடிக்கு ஒரு கான்கிரீட் தளம்.

இப்படி இருக்கும்போது பலர் முதலில் வாங்குவது ரிப்பீட்டர். அது காற்றில் வருவதைக் கேட்டு அதையே மறுபடி காற்றில் சொல்கிறது. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் நொண்டும் இடத்தில் செருகினால், நொண்டும் சிக்னலைத்தான் பரப்பும். சுவருக்குள் வயர் இருக்கும் வீட்டில் ரிப்பீட்டர் வாங்குவது வீண் செலவு. அந்த வயரின் மறுமுனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்டை (வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் பெட்டியை) மாட்டினால், ஃபைபர்காரர் மாட்டிய மெயின் பெட்டியில் கிடைக்கும் வேகம் மாடி அறையிலும் கிடைக்கும். வயர் போகும் இடம்வரை வயரிலேயே போகட்டும். கடைசி இருபது முப்பது அடிக்கு மட்டும் காற்று போதும்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரே ரவுட்டர், அதாவது எல்லாக் கருவிக்கும் எண் கொடுத்து இன்டர்நெட்டோடு இணைக்கும் அந்த மெயின் பெட்டி. மற்றதெல்லாம் ஆக்சஸ் பாயிண்ட்தான். இரண்டாவது பெட்டி வைத்த பிறகு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, அதுவும் ரவுட்டராகவே ஓடிக்கொண்டிருப்பதால் வருபவை.

வயரைச் சோதித்துக்கொள்ளுங்கள்

சுவரில் இருக்கும் வயர் எந்த வகை என்பதை அதன் மேலுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். கேட் 5இ அல்லது கேட் 6 என்றிருந்தால் போதும். இரண்டுமே 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) வேகம் தாங்கும். வீட்டுக்குள் ஓடும் தூரத்துக்கு கேட் 6ஏ, கேட் 7 என்று விலை கூட்டத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது உள்ளே இருப்பது செம்பா என்பதைத்தான். மலிவு வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அதில் டேட்டா ஓரளவு ஓடினாலும், அதே வயரில் மின்சாரமும் அனுப்பினால் சூடாகும், வோல்ட்டேஜ் குறையும். பிளக் மாட்டும் இடத்தில் இரண்டு முறை வளைத்தால் முறிந்தும் போகும். புதிதாக வாங்குவதென்றால் கடையில் முழுச் செம்பு என்று கேட்டு, வெட்டித் தரும்போதே சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். முழுப் பெட்டி 305 மீட்டர் வரும். ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், மீட்டர் கணக்கில் வாங்கினால் போதும்.

அடுத்தது முனை. எட்டுக் கம்பிகளும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு நான்கு கம்பி, அதாவது 1, 2, 3, 6 போதும்; ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். 300 எம்.பி.பி.எஸ். பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு எப்போது பார்த்தாலும் 94, 95 என்றே காட்டுகிறது என்றால், பெரும்பாலும் இதுதான் கதை. ஒரே வயரின் எட்டுக் கம்பியை நாலு நாலாகப் பிரித்து இரண்டு சாக்கெட் கொடுத்திருக்கும் வேலையும் சில வீடுகளில் உண்டு. அங்கும் 100-க்கு மேல் போகாது. அப்படி இருந்தால் ஒரு சாக்கெட்டைக் கைவிட்டு, எட்டுக் கம்பியையும் ஒன்றிலேயே சேர்த்துவிடுங்கள்.

லேப்டாப்பை அந்த சாக்கெட்டில் செருகி, விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்கில் ஈதர்நெட் என்பதைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000/1000 என்றோ 100/100 என்றோ காட்டும். 100 காட்டினால் முதலில் பேட்ச் கார்டை (சாக்கெட்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் குட்டை வயரை) மாற்றிப் பாருங்கள், பிறகு முனைகளைப் பாருங்கள். மெயின் பெட்டியையும் ஒரு கண் பாருங்கள்: ஃபைபர் நிறுவனங்கள் தரும் சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100 மட்டுமே. மாடிக்குப் போகும் வயர் அந்த ஒன்றில்தான் இருக்க வேண்டும். பல அறைகளுக்கு வயர் போகிறதென்றால், அந்தப் போர்ட்டிலிருந்து ஐந்து அல்லது எட்டு போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்றுக்கு எடுத்து, மற்ற எல்லாவற்றையும் ஸ்விட்சில் செருகுங்கள்.

பிளக்கை நீங்களே மாட்டுவதானால் நிற வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் கொக்கி உங்களுக்கு மறுபக்கம் இருக்க, வயர் கீழிருந்து நுழைய, இடமிருந்து வலமாக இந்த வரிசை. இரண்டு முனையிலும் ஒரே வரிசைதான். ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிய இன்னொரு வரிசையும் உண்டு. அதுவும் சரியே, ஆனால் சுவர் சாக்கெட்டில் எது இருக்கிறதோ அதையே மறுமுனையிலும் பின்பற்றுங்கள். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள். அரை அங்குலம் பிரித்தால் போதும். மேலுறையும் பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும். கம்பிகள் மட்டும் வெளியே தொங்கினால் ஆறு மாதத்தில் விடுபடும். கிரிம்ப் செய்ததும் (கருவியால் பிளக்கை அழுத்தி இறுக்கியதும்) இரண்டு துண்டு லேன் டெஸ்டரில் வைத்து 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவரை மூட வேண்டும்.

புதிதாக வயர் இழுக்கிறீர்கள் என்றால் 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் லேன் வயரைத் திணிக்காதீர்கள். இடம் மிச்சம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் வயரின் காப்பு ஒரு இடத்தில் உரிந்தால் ரவுட்டரிலிருந்து டிவி வரை எல்லாவற்றின் மேலும் கரண்ட் பாயும். தனி பைப், ஓரடி இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் செங்கோணத்தில் கடக்கட்டும்.

எதை வாங்குவது

இரண்டு வழி உண்டு. ஒன்று, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுவது. செலவில்லை. ஆனால் அதன் போர்ட்கள் 100 எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்றாலோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் என்றாலோ மெனக்கெட வேண்டாம்; சோலார் இன்வெர்ட்டரின் மானிட்டருக்கும் வாசல் கேமராவுக்கும் வேண்டுமானால் ஆகும்.

இரண்டாவது, மேற்கூரையில் தட்டு மாதிரி மாட்டும் ஆக்சஸ் பாயிண்ட். வைஃபை 6, இரண்டு பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்), ஜிகாபிட் போர்ட், பி.ஓ.இ. என்ற நான்கும் இருந்தால் வீட்டுக்குப் போதும். பி.ஓ.இ. என்றால் லேன் வயரிலேயே மின்சாரமும் வரும். கூரையில் பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். ஆனால் நம் ஊர் நிலவரத்துக்கு அதைவிடப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது: கரண்ட் போனால் எல்லாப் பெட்டிக்கும் தனித்தனியாக யு.பி.எஸ். தேவையில்லை. மெயின் பெட்டி, ஸ்விட்ச், பி.ஓ.இ. இன்ஜெக்டர் (லேன் வயரில் மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பும் சிறு பெட்டி) மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து இன்வெர்ட்டர் லைனில் செருகினால், வீடு முழுக்க வைஃபை நிற்காமல் ஓடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் 12 வோல்ட்டில் ஓடும் பெட்டிகளுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போதும் (பி.ஓ.இ. இன்ஜெக்டருக்கு அது போதாது), அடாப்டர்களில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டி, அதற்கு மேல் திறனுள்ளதாக வாங்குங்கள். பெட்டியின் வோல்ட்டேஜும் பின்னின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் செருகக் கூடாது.

பி.ஓ.இ. வாங்கும்போது 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப் என்றால் ஒரு போர்ட்டில் 15.4 வாட், ஏடி என்றால் 30 வாட் வரை. இந்த வகை, எதிர்முனையில் இருப்பது பி.ஓ.இ. கருவிதானா என்று கேட்டு உறுதி செய்த பிறகே மின்சாரம் விடும். பேஸிவ் 24 வோல்ட் என்று விற்கும் மலிவு இன்ஜெக்டர் எதையும் கேட்காது, நேராக விட்டுவிடும். தவறி லேப்டாப்பிலோ டிவியிலோ அந்த வயரைச் செருகினால் போர்ட் போய்விடக்கூடும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் பேஸிவ் வயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள்.

எங்கே மாட்டுவது

வேலையின் பாதி பலன் இதில்தான் இருக்கிறது. சிக்னலைத் தடுப்பவை எவை என்று தெரிந்தால் இடம் தானாகத் தெரியும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், தண்ணீர்த் தொட்டி, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஆகியவை கெட்ட தடைகள். ஒற்றைச் செங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டிவிடும். இரண்டாவது சுவரில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சற்றுத் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு.

கூரைத் தட்டு வகையின் சிக்னல் குடை விரித்தது போலக் கீழ்நோக்கிப் பரவும். அதனால் மாடி ஹாலின் கூரையில் மாட்டினால் அது மாடிக்குத்தான். கீழ்வீட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும். இரண்டு மாடி வீட்டுக்கு மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி திறந்தவெளியாக இருக்கும் வீட்டில் படிக்கட்டு முனையில் ஒன்றை வைத்து இரண்டு தளத்துக்கும் சமாளிப்பது சில சமயம் நடக்கும், படுக்கையறைக் கதவைச் சாத்தும்வரை.

நடுவே திறந்த முற்றம் (தொட்டி) உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடுகள் தனிக் கணக்கு. ஓட்டுக்கூரை சிக்னலைத் தடுக்காது. ஒன்றரை இரண்டடி கனமுள்ள கல், மண் சுவர்தான் தடுக்கும். ஆசாரத்தில் ஒரு ரூமின் மூலையில் வைத்தால் எதிர்ப்பக்க அறைக்குப் போகாது. தொட்டியைப் பார்த்தாற்போல், தாழ்வாரத்து உத்தரத்தில் மாட்டுங்கள். திறந்த வெளி வழியாக நான்கு பக்கக் கதவுகளுக்குள்ளும் நுழையும். மழைச் சாரல் படாத இடமாகவும் ஓட்டுக்கு நேர் கீழே அனல் அடிக்காத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஓரடியாவது காற்று ஓட வேண்டும்.

வீட்டை ஒட்டிய தறிக்குடோன் தகரக் கூரையும் தகரத் தடுப்பும் கொண்டதாக இருந்தால், வீட்டு வைஃபை உள்ளே நுழையாது. எவ்வளவு பெரிய ஆன்டெனா போட்டாலும் தகரம் தகரம்தான். குடோனுக்குள் வயரை இழுத்து உள்ளே ஒன்றை மாட்டுவதே வழி. பஞ்சும் தூசியும் அடைக்கும் என்பதால் காற்றுத் துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டி, மாதம் ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள்.

டிரில் எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆக்சஸ் பாயிண்டை நீள வயரில் இணைத்து, மாட்டப் போகும் உயரத்தில் ஏணியின் மேல் வைத்துவிட்டு, கைபேசியில் ஒரு வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்து, எல்லாக் கதவையும் சாத்தி, ஆட்கள் உட்காரும் இடத்துக்கெல்லாம் போய்ப் பாருங்கள். சிக்னலின் வலிமையைச் சொல்லும் டி.பி.எம். கணக்கில் -65 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் வீடியோ அழைப்பு சீராக ஓடும். -75-ஐத் தாண்டினால் அந்த இடம் கணக்கில் இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் கட்டில் உயரத்தில் கைபேசியை வைத்தும் அளந்துவிடுங்கள்.

பழைய ரவுட்டரை மாற்றும் வரிசை

வரிசை மாறினால் பெட்டிக்குள் நுழைய முடியாமல் மறுபடி ரீசெட் செய்ய வேண்டிவரும். ஆகவே இந்த வரிசையிலேயே போங்கள்.

1. கைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, அந்த வைஃபையின் விவரத்தில் கேட்வே எண்ணை (மெயின் பெட்டியின் முகவரியை) பாருங்கள். 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தைப் பொறுத்து 192.168.0.1, 192.168.29.1, 192.168.100.1 என்றும் இருக்கும். உங்கள் எண்ணின் முதல் மூன்று பகுதியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

2. பழைய ரவுட்டரை வீட்டு வயரில் இணைக்காமல் தனியாக வைத்து கரண்ட் கொடுங்கள். ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால் புதிதாக வாங்கியது போல் ஆகிவிடும். லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் வயரால் இணைத்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியில் உள்ளே நுழையுங்கள்.

3. மெனுவில் ஆப்பரேஷன் மோடு என்று இருந்து, அதில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்து சேமியுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. கீழே உள்ள 4 முதல் 6 வரை தேவையில்லை.

4. அந்தத் தேர்வு இல்லையென்றால், முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சேனல் எல்லாவற்றையும் வைத்துச் சேமியுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

5. பிறகு லேன் ஐ.பி. முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். புதிய முகவரியில் மறுபடி நுழையுங்கள். மெயின் பெட்டி மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண்கள் 2-லிருந்தே தொடங்குகின்றன என்றால், மெயின் பெட்டியில் அதை 10-லிருந்து தொடங்குமாறு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு கைபேசிக்கும் 2 என்ற எண் போய், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

6. கடைசியாக டி.எச்.சி.பி. சர்வரை (கருவிகளுக்கு ஐ.பி. எண் வழங்கும் வசதியை) அணையுங்கள். இதை முன்பே அணைத்தால் லேப்டாப்புக்கு ஐ.பி. கிடைக்காது, 169.254 என்று தொடங்கும் எண் காட்டும், செட்டிங் பக்கம் திறக்காது.

7. இப்போது சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் வயரைப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட்களில் ஒன்றில் செருகுங்கள். இன்டர்நெட் அல்லது வேன் என்று எழுதியிருக்கும், வேறு நிறத்தில் இருக்கும் அந்தப் போர்ட்டைத் தொடாதீர்கள்; அதன் மேல் டேப் ஒட்டிவிட்டால் பிறகு வீட்டைப் பெருக்குபவர் கழற்றி மாட்டும்போதும் தவறு நடக்காது. மூன்றாவது படியிலேயே முடிந்தவர்களுக்கு மட்டும் வேன் போர்ட்டிலும் செருகலாம்.

தவறினால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். செட்டிங் எதையும் மாற்றாமல் ரவுட்டராகவே விட்டு வேன் போர்ட்டில் செருகிவிட்டால் இன்டர்நெட் நன்றாகவே வரும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மாடியில் இருப்பவர் கீழே உள்ள பிரின்டரில் அச்சடிக்க முடியாது, கைபேசியிலிருந்து டிவிக்கு வீடியோ போகாது, கேமரா ஆப் வீட்டுக்குள்ளேயே மெதுவாகத் திறக்கும். வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகிவிட்டது என்று பொருள்.

டி.எச்.சி.பி. அணைக்க மறந்தால் கோளாறு விட்டு விட்டு வரும். ஒரு கைபேசிக்கு மெயின் பெட்டி எண் கொடுக்கும், இன்னொன்றுக்குப் பழைய பெட்டி கொடுக்கும். பழையதிடம் எண் வாங்கியவருக்கு வைஃபை முழுக் கோடும் காட்டும், இன்டர்நெட் மட்டும் இருக்காது. அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் திரும்ப வரும்.

மூன்றாவது கோளாறு, ஒரே ஸ்விட்சுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் நடுவே இரண்டு வயர் போட்டுவிடுவது. வேகம் இரட்டிப்பாகும் என்றோ, சும்மா தொங்கும் முனையைச் செருகிவைப்போம் என்றோ செய்வார்கள். டேட்டா வட்டமாகச் சுற்றத் தொடங்கும், எல்லாப் போர்ட் விளக்கும் ஒன்றாகப் படபடக்கும், வீடு முழுக்க நெட் நின்றுபோகும். ஒரு வயரைக் கழற்றினால் உடனே சரியாகும்.

பெயர், சேனல், பவர்

எல்லாப் பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை. அப்போதுதான் படியேறும்போது கைபேசி தானாக மாறும். ஆனால் எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது கைபேசிதான். கீழ்ப்பெட்டியின் சிக்னல் கொஞ்சம் எட்டினாலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும் கைபேசிகள் நிறைய. அதற்கு மருந்து பவரைக் கூட்டுவதல்ல, குறைப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸின் டிரான்ஸ்மிட் பவரை நடுத்தரம் அல்லது குறைவு என்று வைத்துப் பாருங்கள்.

2.4-இல் ஒன்றையொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். மெயின் பெட்டிக்கு 1, மாடிக்கு 6, மூன்றாவதுக்கு 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று பெட்டி சொல்லும். பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதிக் குறையத்தான் செய்யும். 5-இல் ஒன்றுக்கு 36, இன்னொன்றுக்கு 149 என்று வைத்தால் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் மோதாது. இந்தியாவில் வீட்டு உபயோகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் 2018-இல் தாராளமாக்கப்பட்டவை, ஆகவே பெட்டியில் நாடு இந்தியா என்று இருந்தாலே இவை கிடைக்கும்.

பாதுகாப்புக்கு டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். வையுங்கள். டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தால் சோலார் மானிட்டர், பழைய டிவி, மலிவு கேமரா போன்றவை இணைய மறுக்கும். இவற்றில் பல 2.4-ஐ மட்டுமே அறியும். பாஸ்வேர்டு இல்லாமலே இணைய விடும் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அணைத்துவிடுங்கள்.

விருந்தினருக்கு, குடோன் ஆட்களுக்கு என்று கெஸ்ட் நெட்வொர்க் வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிய பழைய ரவுட்டரில் கெஸ்ட் என்பது பெரும்பாலும் பெயரளவில்தான் தனி. அதில் இணைந்தவர் வீட்டுக் கேமராப் பெட்டி வரை எட்டலாம். உண்மையிலேயே பிரிக்க வேண்டுமென்றால் வி-லேன் (ஒரே வயரில் தனித்தனி நெட்வொர்க் ஓட்டும் முறை) தெரிந்த ரவுட்டரும் ஆக்சஸ் பாயிண்டும் வேண்டும்.

தோட்டத்துக்கு, மோட்டார் ரூமுக்கு

தோட்டத்துச் சாளையிலிருந்து கட்டுத்தரைக்கோ கோழிப்பண்ணைக்கோ மோட்டார் ரூமுக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் கணக்கு மாறும். செம்பு லேன் வயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்குள் இருந்தாலும் கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு வயர் இழுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கோடை மழையில் இடி விழும்போது, நேராக விழாமல் அருகில் விழுந்தாலே, வயரில் பாயும் வோல்ட்டேஜ் இரு முனையிலும் உள்ள பெட்டிகளைச் சுட்டுவிடும். மோட்டார் ரூமின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறு வேறு என்பதும் தொல்லையே.

ஃபைபர் இழுப்பதுதான் நிம்மதி. ஒற்றை கோர் ட்ராப் கேபிள், இரு முனையிலும் ஃபைபரின் ஒளியை லேன் வயருக்கு மாற்றித் தரும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர். அவை ஏ, பி என்று ஜோடியாக வரும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது எதிர்மாறு. இரண்டு ஏ வாங்கி வந்தால் விளக்கே எரியாது. முனைகளின் நிறத்தையும் பாருங்கள். நீலத்தை நீலத்தோடு மட்டும், பச்சையைப் பச்சையோடு மட்டும். கலந்து செருகினால் ஒளி குறையும், முனையும் தேயும். ட்ராப் கேபிளோடு ஒட்டிவரும் இரும்புக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே பிரித்து நிறுத்துங்கள். இல்லையென்றால் இடிக்கு அதுவே வழியாகிவிடும்.

கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டால் மயில் உட்காரும், அணில் கடிக்கும், ஆடிக்காற்றுக்குத் தென்னைமட்டை விழும். வரப்போரமாக இரண்டடி ஆழத்தில் எச்.டி.பி.இ. பைப்பில் புதைப்பது மேல். ரொட்டாவேட்டர் அந்த ஆழத்துக்கு வராது. புதைத்த தடத்தை ஒரு தாளில் வரைந்து, வாய்க்கால் வெட்ட வரும் ஜே.சி.பி.காரரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

தோண்ட முடியாத இடத்தில் ஜோடியாக வரும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (இரண்டு இடங்களைக் காற்று வழியாக இணைக்கும் பெட்டிகள்) வைக்கலாம். ஒன்றுக்கொன்று கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். நேர்கோடு மட்டும் போதாது, அதைச் சுற்றியும் இடம் வேண்டும்: 200 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் சுற்றிலும் சுமார் 1.6 மீட்டர் காலியாக இருப்பது நல்லது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் இது கிடைக்காது. ஈர மட்டைகள் சிக்னலைக் குடித்துவிடும், மழை நாளில் இன்னும் மோசம். வெட்டவெளியாக இருக்கும் பல்லடம், தாராபுரம் பக்கம் நன்றாக வேலை செய்யும், ஆனால் அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. ஆனி, ஆடியில் மெல்லிய ஜி.ஐ. பைப் திரும்பிவிடும். ஒன்றரை அங்குல பைப், மூன்று பக்க இழுகம்பி, கிளாம்ப்பில் இரட்டை நட் போடுங்கள். இந்தப் பிரிட்ஜ்களோடு வருவது பெரும்பாலும் அந்த 24 வோல்ட் பேஸிவ் இன்ஜெக்டர்தான்; சிவப்பு டேப்பை மறக்காதீர்கள்.

இடி மின்னல் கிளம்பினால் பிளக்கைப் பிடுங்குவது பாதி வேலைதான். வெளியிலிருந்து வரும் செம்பு லேன் வயர் எதுவாக இருந்தாலும் அதையும் ஸ்விட்சிலிருந்து கழற்றுங்கள்.

முடித்தபின் சோதனை

லேப்டாப்பை மாடி வைஃபையில் இணைத்து, கமாண்ட் விண்டோவில் பிங் கட்டளையோடு (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கேட்வே எண்ணைக் கொடுத்து, நிற்காமல் ஓட விடுங்கள். இன்னொரு விண்டோவில் 8.8.8.8-க்கு (இன்டர்நெட்டில் உள்ள கூகுள் சர்வர்) ஓட விடுங்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே, பொடக்காளி (கொல்லைப்புறம்), மறுபடி மாடி என்று நடந்து வாருங்கள். பெட்டி மாறும் இடத்தில் ஒன்றிரண்டு பதில் விட்டுப்போவது இயல்பு. ஒரே இடத்தில் நிற்கும்போதே கேட்வேயின் பதில் விட்டு விட்டு வந்தாலோ, 2, 3 மில்லிவிநாடியிலிருந்து 200-க்கு எகிறினாலோ, கோளாறு உங்கள் வைஃபையில் இருக்கிறது. லேப்டாப்பை அதே சாக்கெட்டில் வயரால் இணைத்துப் பாருங்கள்: வயரிலும் விட்டால் பிளக் முனை, வயரில் சீராக இருந்தால் சேனல் அல்லது இடம். கேட்வே சீராக இருந்து 8.8.8.8 மட்டும் அறுந்தால் வீட்டில் எதையும் மாற்றாதீர்கள். இரண்டு விண்டோவையும் ஒரே படமாக எடுத்து ஃபைபர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற வழக்கமான பதிலை அதற்கு மேல் அவர்கள் சொல்ல முடியாது.